எல்லாரையும் பாராட்டிய காசி

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சாரியில் இருக்கும் மருந்துக்கடையில் காசி வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. இப்போது மீசை வெளுத்துவிட்டது. முதலாளி மாறிவிட்டார், பலகையில் கடையின் பெயர் மாறிவிட்டது, காசி மட்டும் அதே கவுண்டருக்குப் பின்னால் அதே உயர ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கவரில் போட்டு, காலை, ராத்திரி என்று மேலே எழுதிக் கொடுப்பார். கொடுக்கும்போது கூடவே ஒரு வார்த்தையும் போகும். "ஒண்ணியும் பயமில்ல, சரியாப் பூடும்." டாக்டர் கைவிட்ட கேஸாக இருந்தாலும் காசி கைவிட மாட்டார். அந்த வார்த்தைக்காகவே பக்கத்துக் கடையை விட்டுவிட்டு இவரிடம் வந்து மருந்து வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

அவர் கதை எழுதுகிறவர் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேருக்கு அது ஒரு பொருட்டில்லை. சிறுபத்திரிகைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கதைகள் வந்தன. ஒரே ஒரு தொகுப்பு வெளிவந்தது. வெளியீட்டு விழாவுக்கு வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் மழைக்கு ஒதுங்கியவர்கள். விற்காத பிரதிகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. அவர் மனைவி ரேணுகாதேவி வீடு பெருக்கும்போதெல்லாம் துடைப்பத்தால் அந்தக் கட்டுகளை ஒரு இடி இடிப்பாள். "பெத்த பொண்ணுங்க ரெண்டையும் கட்டிக் குடுத்தாச்சு, இதுங்கள எப்ப கரையேத்தறது?" என்பாள். கேலிதான். அவர் எழுதியதில் ஒரு வரி விடாமல் படித்த ஆள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மதியச் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு கடையில் ஈ ஓட்டுகிற நேரம் ஒன்று உண்டு. அப்போது கவுண்டருக்கு அடியிலிருந்து புத்தகம் வெளியே வரும். படிப்பதைப் பற்றிக் காசிக்கு ஒரு கருத்து இருந்தது. யார் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். "அடுத்தவன் வூட்டுக் கஷ்டத்த நேர்ல போய்க் கேட்டா, இவனுக்கு இன்னா வந்துச்சுன்னு மொறைப்பான். பொஸ்தகத்துல போய்க் குந்திக்கினு கேளு, எவனும் ஒண்ணியும் சொல்ல மாட்டான்." கதை படிக்கிறவன் யாருக்கும் உபகாரம் செய்வதில்லை, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், அப்படி உட்கார்ந்து பழகினவன் என்றைக்காவது எழுந்து போய் ஒருத்தனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பான் என்று அவர் நம்பினார். இதற்கு ஆதாரம் காட்டு என்றால் அவரால் ஒருத்தரையும் காட்ட முடியாது. ஆனாலும் நம்பினார். பாவம், அவர் சுபாவம் அது.

எழுதுவதைப் பற்றி அவ்வளவு தைரியமாக அவர் பேசமாட்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. இளவட்டமாக இருந்தபோது வாணியம்பாடியில் ஒரு இலக்கியக் கூட்டத்துக்குப் போய்த் தன் கதையை வாசித்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய மனிதர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "தம்பி, காகிதம் இப்ப என்ன விலை விக்குது தெரியுமா?" என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. காசியும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே வெளியே வந்து, கடைசி பஸ்ஸைப் பிடித்து, ஆலங்காயம் வந்து சேர்ந்தவர் பல வருஷம் பேனாவைத் தொடவில்லை. கல்யாணமாகி ரேணுகாதேவி வந்து பரணிலிருந்து அந்தக் கதையை எடுத்துப் படித்து, "இது நீ எழுதினதா? மீதி எங்க?" என்று கேட்கும் வரைக்கும் தொடவேயில்லை.

அந்தச் சிரிப்பு அவர் காதை விட்டுப் போகவில்லை. தன் முன்னால் கதையோ கவிதையோ கொண்டு வந்து நிற்கிற எவனும் அப்படி ஒரு மூஞ்சியோடு திரும்பிப் போகக் கூடாது என்று அன்றைக்கு எடுத்த முடிவு, கடைசி வரை அவரோடு இருந்தது. நல்ல முடிவுதான். நல்லவர்கள் எடுக்கிற முடிவுகளால் வருகிற கேட்டை யாரும் கணக்கில் வைப்பதில்லை என்பதுதான் வம்பு.

மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பஜாரில் தையற்கடை மாடியில் அவர் ஒரு கூட்டம் நடத்தினார். ஊரில் எழுதும் ஆசை உள்ளவர்கள் வந்து வாசிக்கலாம். காலேஜ் பிள்ளைகள் சிலர் வருவார்கள், சினிமாவுக்குப் பாட்டு எழுதப் போகிறேன் என்று சொல்கிறவர்கள் வருவார்கள், பரீட்சை வந்தால் காணாமல் போவார்கள். நிரந்தர மெம்பர் என்றால் சின்னராசு ஒருவர்தான். இன்சூரன்ஸ் ஏஜெண்டு. மாதம் தவறினாலும் அவருடைய கவிதை தவறாது. 'தாயே நீ மெழுகுவத்தி, தந்தையே நீ தீப்பெட்டி, உங்கள் பிள்ளை நான் வெளிச்சம்' என்று குரலை ஏற்றி இறக்கி வாசிப்பார். காசி கண்ணை மூடித் தலையை ஆட்டுவார். முடிந்ததும், "பிரமாதம். எழுதுங்க, விடாம எழுதுங்க" என்பார். சின்னராசு முகம் பூரித்துப் போகும். அடுத்து வாசிக்கிற பையனுக்கும் அதே வார்த்தை. அதற்கடுத்தவனுக்கும் அதேதான்.

ரேணுகாதேவிக்கு இது பிடிக்காது. "நீ பாட்டுக்குச் சக்கரைய அள்ளி அள்ளிக் குடுக்கற. கடைசில அவனவன் சுகர் வந்து நிக்கப் போறான்" என்பாள்.

"நாலு நல்ல வார்த்தை சொன்னா நமக்கு இன்னாடி கொறஞ்சு பூடும்?"

"உனக்குக் கொறையாது. வார்த்தைக்குக் கொறையும்" என்றாள் ஒருநாள். காசி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செல்லி என்பவள் மலையிலிருந்து வந்தவள். நெல்லிவாசல்நாட்டில், ஜீப் நிற்கும் இடத்திலிருந்து இன்னும் நல்ல நடை நடந்தால் வருகிற ஒரு சிற்றூர். நாற்பதைத் தாண்டியவள், மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்திருந்தாள். அதற்குமேல் படிக்க வைக்காமல் மாதையனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். சாமை, கேழ்வரகு, புளி என்று காட்டு வேலையில் கை காய்த்துப் போனவள். மாமியாருக்கு மூட்டுவலித் தைலமும் மாத்திரையும் வாங்க மாதம் ஒருதடவை கீழே இறங்கி வருவாள். அப்படி ஒரு மதியம் வந்தபோது, காசி கையில் இருந்ததை எட்டிப் பார்த்தாள்.

"அது இன்னாண்ணா, கதையா?"

"ஆமாம்மா. படிப்பியா?"

"குடுத்தா படிப்பேன்."

கொடுத்தார். மறுமாதம் பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "ரெண்டாவது கதையில அந்தம்மா பொய் சொல்லுது. அத்த எழுதினவருக்கே தெரியல" என்றாள். காசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கதையை அவர் பலமுறை படித்திருக்கிறார். அவருக்கும் அது தெரியவில்லை. அன்று மாலையே வீட்டுக்குப் போய் ரேணுகாதேவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். அதன்பிறகு செல்லி வரும் மாதங்களுக்கென்று அவர் புத்தகம் எடுத்து வைக்க ஆரம்பித்தார். இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

அப்புறம் ஒருநாள் அவள் புளி மூட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மருந்துச் சீட்டோடு சேர்த்து நீட்டினாள். தேதி கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதியிருந்தாள். புளி வாசனை அடித்தது. 'ஒரு சீட்டு' என்று தலைப்பு.

மலையிலிருந்து கீழே கிளம்புகிற ஜீப்பில் ஒரே ஒரு இடம் மிச்சம் இருக்கிறது. காய்ச்சலில் கிடக்கும் ஒரு கிழவரும், சந்தைக்குப் போக வேண்டிய ஒரு ஆடும் காத்திருக்கிறார்கள். ஆட்டை விற்றால்தான் கிழவருக்கு மருந்து வாங்க முடியும். "ஆட்ட ஏத்து" என்று கிழவரே சொல்லிவிடுகிறார். மருமகள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள். வழியெல்லாம் ஆடு குளிருக்கு அவள் மேல் ஒண்டிக்கொண்டு வருகிறது, அவளுக்கு அந்தச் சூடு சுகமாக இருக்கிறது. அவ்வளவுதான் கதை. கிழவர் செத்தாரா பிழைத்தாரா என்று எழுதவில்லை. யாரும் அழவில்லை. அந்தச் சூடு சுகமாக இருந்தது என்பதோடு கதை நின்றுவிட்டது.

அந்த மாதக் கூட்டத்துக்குச் செல்லியை வரச் சொன்னார். காலை ஜீப்பில் இறங்கி வந்தாள். தையற்கடை மாடியில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கம்மிய குரலில் வாசித்தாள். முடிந்ததும் சின்னராசு தன் கவிதைத் தாளை மடியில் கவிழ்த்து வைத்தார். காசி எழுந்தார். சொல்ல வேண்டியது என்னென்னவோ இருந்தது. ஆனால் பழக்கம் பொல்லாதது. வாயைத் திறந்ததும் வந்தது அந்தப் பழைய சரக்குதான்.

"பிரமாதம்மா. எழுதுங்க, விடாம எழுதுங்க."

செல்லியின் முகம் சுண்டிப்போனது. வெட்கப்படுகிறாள் என்று காசி நினைத்தார். அடுத்ததாகச் சின்னராசு தன் மெழுகுவத்தியை ஏற்றினார், அதற்கும் காசி "பிரமாதம்" என்றார். செல்லி தலையைத் தூக்கி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு காலண்டர் தாள்களை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு கதை கொண்டு வந்தாள். பலாப்பழம் அறுத்த பிசின் கையோடு சாவு வீட்டுக்குப் போய்விட்ட ஒருத்தி, யாரையும் தொட்டு அழ முடியாமல் நிற்கிற கதை. முதல் கதையைவிட ஒரு படி மேல். காசிக்கு ஆவேசமே வந்துவிட்டது. பிரமாதம், அற்புதம், புஸ்தகமாப் போட்டுடலாம் என்று இருந்ததையெல்லாம் வாரிக் கொட்டினார். அவர் கொட்டக் கொட்ட அவள் குன்றிக்கொண்டே போனாள். மூன்றாவதாக அவள் ஒரு கதை கொண்டு வந்தாள். அதில் தாய் மெழுகுவத்தியாக இருந்தாள், கடைசியில் எல்லாரும் திருந்தினார்கள், உழைத்தால் உயரலாம் என்று ஒரு நீதியும் இருந்தது. அபத்தம். கேட்கும்போதே காசிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இவளுக்கு என்ன ஆயிற்று என்று குழம்பினார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும், வாணியம்பாடி மண்டபம் ஞாபகம் வந்து, மனசு கேட்காமல், "பிரமாதம்மா, இதுவும் நல்லாருக்குது" என்றார்.

செல்லி சிரித்தாள். அவள் சிரித்து அவர் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

மருந்து வாங்க மாதையன் வர ஆரம்பித்தான். செல்லி எங்கே என்றால், "அவளுக்கு வேலை" என்பான். எழுதுகிறாளா என்றால், எதை என்பது போலப் பார்ப்பான். புத்தகம் கொடுத்தனுப்பினால் பிரிக்காமலே திரும்பி வந்தது. தையற்கடை மாடியில் மெழுகுவத்தி மட்டும் மாதாமாதம் எரிந்தது. காசிக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்துப் பார்க்கப் பார்க்க ஒன்று அவருக்குத் தெளிவாகப் புரிந்தது. இத்தனை வருஷம் அந்த மாடியில் பாய் விரித்துக் காத்திருந்தது இந்த ஒருத்திக்காகத்தான். தன்னால் ஆகாததை ஆக்கப் பிறந்தவள் அவள். அவள் எழுதாமல் போனால், தான் படித்ததும் எழுதியதும் கூட்டம் போட்டதும் எல்லாம் விழலுக்கு இறைத்த நீர். வேறு என்ன சொல்ல.

"இங்க குந்திக்கினு மோட்டுவளையப் பாத்தா ஆச்சா? போய் நேர்ல கேளு" என்று ரேணுகாதேவி விரட்டினாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப் ஏறினார். நெல்லிவாசலில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு, மூச்சு வாங்க நடந்தார். சரிவில் சாமை முற்றித் தலை சாய்ந்து நின்றது. செல்லியும் மாதையனும் அருவாளோடு அறுப்பில் இருந்தார்கள். இவரைக் கண்டதும் இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். என்ன பேசி ஆரம்பிப்பது என்று தெரியாமல் காசி காட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"பிரமாதமா வெளஞ்சிருக்குதேப்பா காடு" என்றார்.

மாதையன் முகம் இருண்டது. அருகே வந்து, குனிந்து, காசி நின்ற இடத்தில் காலடி மண்ணை ஒரு சிட்டிகை கிள்ளி எடுத்து, காட்டை நோக்கிச் சுற்றி, தூவென்று துப்பிவிட்டுப் பாறைப் பக்கம் போய்விட்டான். காசி திகைத்துப் போய் நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதண்ணா" என்றாள் செல்லி. அருவாளை வைத்துவிட்டு, வேப்ப மர நிழலுக்கு அவரைக் கூட்டிப் போய்ச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். "எங்க ஊர்ல நல்லா வெளஞ்ச காட்டப் பாத்து நல்லாருக்குதுன்னு ஒருத்தரும் வாய் தொறந்து சொல்ல மாட்டாங்க. கண்ணு பட்டுடும். ஏதோ இருக்குதுன்னு சொல்லிட்டுப் பூடுவாங்க."

"அப்ப நல்லாருக்குதுன்னு எப்பதான் சொல்லுவீங்க?"

"காஞ்சு போன காட்டுக்காரன்கிட்ட சொல்லுவோம். அவன் மனசு ஒடஞ்சு மருந்த கிருந்தக் குடிச்சிடக் கூடாதுல்ல. நல்லாத்தான் வந்திருக்குது, பயப்படாதன்னு சொல்லுவோம்."

சொம்பு காசியின் கையிலேயே நின்றது. தையற்கடை மாடியும், சுண்டிப்போன முகமும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"அதனாலதான் நீ..."

"மொத தடவ அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் அவள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "கதை காஞ்சு போச்சு, அண்ணன் ஆறுதல் சொல்லுதுன்னு. அப்புறம் யோசிச்சேன், கீழ இருக்கறவங்க வழக்கம் வேற மாதிரி போல, நெசமாத்தான் சொல்லுதோ என்னவோன்னு. ஆனா அந்த இன்சூரன்ஸ்காரருக்கும் அதே வார்த்தையத்தான சொன்ன. எது நெசம்னு எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டாவது கதைக்கும் அதே கதிதான். அதனால மூணாவத வேணும்னே கெடுத்து எழுதினேன்."

"வேணும்னேவா?"

"ஆமாண்ணா. அவரு எழுதற மாதிரியே எழுதினேன். எழுதறதுக்குள்ள எனக்கே வாந்தி வந்துச்சு. இத்த நீ நல்லால்லன்னு சொல்லுவ, அப்ப முன்ன சொன்னது ரெண்டும் நெசம்னு நம்பலாம்னு நெனச்சேன். நீ அதையும் பிரமாதம்னுட்ட."

காசி மரத்தில் சாய்ந்துகொண்டார். தன் வாயாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதை அப்போதுதான் முழுசாகப் பார்த்தார். மெதுவாக அவள் பக்கம் திரும்பி, "செல்லிம்மா, உன் மொதக் கதையும் ரெண்டாவது கதையும்... ஏதோ இருக்குதும்மா" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். "இப்ப நான் சொல்லிக் குடுத்து நீ சொல்ற. இதுல இன்னா இருக்குது?"

அவருக்கும் சிரிப்பு வந்தது, உடனே அழுகை வந்தது. இத்தனை புத்தகம் படித்தவர், அத்தனை பக்கம் எழுதியவர், நீ எழுதுவது உயர்ந்த எழுத்து என்று ஒருத்தியிடம் சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல் அந்த மலைக்காட்டில் உட்கார்ந்திருந்தார். இருந்த ஒன்றையும் சில்லறை மாற்றி ஊரெல்லாம் இறைத்தாகிவிட்டது. காகிதம் என்ன விலை என்று கேட்டவர் ஒருத்தனைத்தான் பல வருஷம் எழுதவிடாமல் செய்தார். தான் செய்தது அதைவிட மோசம் என்று அவருக்குத் தோன்றியது.

"பரவால்லண்ணா, விடு" என்றாள் செல்லி. "நான் எழுதினா இன்னா, எழுதலன்னா இன்னா. காட்டுல வேல கொட்டிக் கெடக்குது. பையனுக்குத் தையில கல்யாணம் வெச்சுடணும்." அவர் கையிலிருந்த சொம்பை வாங்கி மரத்தடியில் வைத்தாள். பிறகு எதையோ தீர்மானித்தவள் போல அவர் பக்கம் திரும்பினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வார்த்தைய எப்படி வேணாலும் சொல்லிடலாம். கண்ணு பொய் சொல்லாது. அடுத்தவன் காடு நெசமாவே நல்லாருந்தா நமக்கு வயிறு எரியும், அவன் சொந்தத் தம்பியா இருந்தாலும் எரியும். நீயும் கதை எழுதற ஆளு. என் கதையப் படிச்சப்ப எப்பனா உனக்கு வயிறு எரிஞ்சுதாண்ணா?"

எரிந்தது. அந்த முதல் நாள், கடையில் வைத்து, ஆட்டின் சூடு அவளுக்குச் சுகமாக இருந்தது என்ற இடத்துக்கு வந்தபோது அடிவயிற்றில் பற்றிக்கொண்டது. நான் இத்தனை வருஷம் முட்டி மோதி எட்ட முடியாத இடம், இவள் புளி மூட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டாளே என்று நெஞ்சு வெந்தது. ஒருத்தர் தலைவலி மாத்திரை கேட்டு நின்றதுகூடக் காதில் விழவில்லை. அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியும் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். வீட்டுக்குப் போய்த் தன் தொகுப்பை எடுத்து இரண்டு பக்கம் படித்துவிட்டு, அவமானத்தில் கட்டிலுக்கடியில் தள்ளினார். இதை அவர் ரேணுகாதேவியிடம்கூடச் சொன்னதில்லை.

செல்லி அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. அது போதும் அவளுக்கு. காசிக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் யாரைக் கண்டும் பொறாமைப்படாத மனுஷன் என்று ஊரில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வேறு எந்தப் பெயரும் அவருக்கு வாய்க்கவில்லை. எழுத்தாளர் என்று யாரும் சொல்லவில்லை, நல்லவர் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தச் சட்டையையும் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு பெண்பிள்ளை முன்னால் நிற்க வேண்டும் என்றதும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. வாய் அவரைக் கேட்காமலே முந்திக்கொண்டது.

"சேச்சே, எனக்காம்மா? உன் மேலயா? மனசார சந்தோஷம்தான் பட்டேன். எம் பொண்ணுங்க மேல சத்தியம்."

செல்லி தலையைக் குனிந்துகொண்டாள். பாறைப் பக்கமிருந்து மாதையன் கூப்பிட்டான். அவள் எழுந்து புடவையில் ஒட்டியிருந்த சாமைத் தாளைத் தட்டிவிட்டு, அருவாளைக் கையில் எடுத்தாள்.

"சத்தியம் எதுக்குண்ணா? நம்புறேன்" என்றாள்.

பிறகு காட்டுக்குள் இறங்கி, விட்ட இடத்திலிருந்து அறுக்க ஆரம்பித்தாள். அத்தனை காலத்தில் காசி அவளிடம் சொன்னதில், அவள் முழுசாக நம்பியது அந்த ஒன்றைத்தான்.